பைட்டர் மீன் குஞ்சு 7ஆம் நாள் சாகுது: தீனி இருந்தும் ஏன்?

கொளத்தூர்_மாடி
ஞாயிறு, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். கொளத்தூர்ல மொட்டை மாடியில ரெண்டு சிமெண்ட் தொட்டி, ஆறு கண்ணாடித் தொட்டி வச்சிருக்கேன். மூணு வருஷமா கோல்டு ஃபிஷ் மட்டும்தான். குஞ்சு பொரிச்சதும் வெந்த முட்டையோட மஞ்சக் கருவைத் துணியில கட்டித் தண்ணில கசக்கி விடுவேன். ஒரு வாரம் போனா பவுடர் தீனி. நூத்துக்கு எழுபது தேறிடும்.

இந்த மாசம் முதல் தடவையா பைட்டர். ஆண் நுரைக்கூடு கட்டுச்சு, முட்டை விட்டுச்சு, ரெண்டாம் நாளே பொரிஞ்சுச்சு. எப்படியும் 150 இருக்கும். நுரைக்குக் கீழே வாலைத் தொங்கப் போட்டுக்கிட்டு கமா (,) மாதிரி நின்னுச்சுங்க. கீழே விழுந்ததை அப்பன்காரன் வாயில அள்ளித் திரும்ப நுரையில துப்பினான். படுக்கைவாட்டுல நீந்த ஆரம்பிச்சதும் அவனை எடுத்துட்டேன். புதுக் கண்ணாடித் தொட்டி, பளிச்சுன்னு தண்ணி, அதே முட்டைக் கரு, அதே பவுடர்.

6ஆம் நாள் சாயங்காலம் வரைக்கும் நல்லாதான் இருந்துச்சு. 7ஆம் நாள் காலையில பாதி அடியில. 9ஆம் நாள் எண்ணினா நாலு. தண்ணிய டெஸ்ட் பண்ணேன், அம்மோனியா லேசாதான் காட்டுச்சு. பக்கத்துக் கடையில ஆன்டிபயாடிக் போடுன்னு ஒரு பாட்டிலைத் தலையில கட்டிட்டாங்க. தீனி போடாம விட்டிருந்தா என் தப்பு. போட்டும் ஏன் சாகுது?


பைட்டர்_பெருசு
ஞாயிறு, இரவு 9:50

பாட்டிலைத் திறக்காத தம்பி. கடையில திருப்பிக் கொடு, வாங்க மாட்டான், இருந்தாலும் கொடு.

வில்லிவாக்கத்துல முப்பது வருஷத்துக்கு மேல பைட்டர் விடுறேன். பவுடர்ல பைட்டர் குஞ்சு தேறுனதை நான் பார்த்ததில்ல. உயிர்த் தீனி வேணும்பா. வைக்கோல ஊற வச்ச தண்ணி, அதுல ஓடுற கண்ணுக்குத் தெரியாத பூச்சி. அப்புறம் ஆர்ட்டீமியா, உப்புத் தண்ணியில பொரிக்கிற பொடி இறால் மாதிரி. அப்புறம் மாய்னா, அதான் தண்ணிப் பூச்சி. உயிரா ஓடுறதுக்குள்ள செரிக்கிற மருந்து இருக்குது, அதைத் தின்னாதான் குஞ்சுக்குச் செரிக்கும். எங்க உஸ்தாது சொன்னது.


பொன்னேரி_மாணவி
ஞாயிறு, இரவு 11:05

பெருசு ஐயா சொன்ன வைத்தியம் சரி. காரணத்துல மட்டும் எனக்குக் கொஞ்சம் மாறுபாடு. பொன்னேரி மீன்வளக் கல்லூரியில படிச்சுட்டு இப்ப ஒரு கொடுவா மீன் குஞ்சுப் பண்ணையில வேலை பார்க்குறேன். தினமும் இதே தலைவலிதான், அதனால நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க.

குஞ்சுன்னா சின்ன சைஸ் மீன்னு நினைச்சுடுறோம். பொரிஞ்ச அன்னைக்கு அதுக்கு வயிறுன்னு ஒண்ணு கிடையாது. மஞ்சள் கரு இருக்கிற பைக்கு மேலே முதுகுப் பக்கமா ஒரே நேர்க்கோட்டுல ஒரு குழாய் படுத்திருக்கும், அவ்வளவுதான் குடல். முன்னாடி வாய் மூடியிருக்கும், பின்னாடி ஆசனவாயும் மூடியிருக்கும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி செல். அம்மா முட்டையில கட்டிக் கொடுத்த சோறு இருக்கிறதால அந்தக் குழாய்க்கு இன்னும் வேலை வரலை.

அந்தக் கட்டுச்சோறு கரையக் கரையக் குழாய் வேலைக்குத் தயாராகுது. கல்லீரல், கணையம், பித்தப்பை மூணும் உருவாகும். குழாய் லேசா வளைஞ்சு, நடுவுல ஒரு வால்வு வந்து, முன்குடல், நடுக்குடல், பின்குடல்னு பிரியும். வாய் திறக்கும், ஆசனவாயும் திறக்கும். இதெல்லாம் முடியறதுக்கும் மஞ்சள் கரு தீர்றதுக்கும் நடுவுல கிடைக்கிற நேரம் ரொம்பக் குறைவு. வெப்பமான நீர் மீன்களுக்கு ஒண்ணு ரெண்டு நாள்தான்.

இப்ப முக்கியமான விஷயம். வாய் திறந்த அன்னைக்கும் இரைப்பை கிடையாது! உணவுக்குழாய் முடியற இடத்துல ஒரு சின்ன வீக்கம் இருக்கும். ஆனா அமிலம் சுரக்கிற சுரப்பி இல்லை, அந்த அமிலத்துல புரதத்தை உடைக்கிற பெப்சின் இல்லை. உள்ளே முழுக்கக் காரத்தன்மை. கணையத்துல இருந்து வர்ற டிரிப்சின், லிப்பேஸ், அமைலேஸ்னு செரிக்க வைக்கிற நொதிகள், இதுகளை வச்சுதான் குடும்பம் நடத்தணும். கொடுவாயில இரைப்பை தனியா தெரிய வர்றதே 13ஆம் நாள் வாக்குல. பெப்சின் தலைகாட்டுறது 17ஆம் நாள் வாக்குல. அதுவரைக்கும் பின்குடல் செல்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. பாதி உடைஞ்ச புரதத்தை முழுசாவே செல்லுக்குள்ள விழுங்கி, உள்ளே வச்சுச் செரிச்சுக்கும். பச்சைப் பிள்ளை தாய்ப்பால்ல இருக்கிற புரதத்தை எடுத்துக்கிற மாதிரி.

பவுடர் தீனியில இருக்கிறது கருவாட்டுத் தூளும் சோயாவும். காய்ஞ்சு, வெந்து, இறுகிப் போன புரதம். அதை இளக்க அமிலம் வேணும். உங்க குஞ்சோட வயித்துல பவுடர் இருந்திருக்கலாம், ஆனா அதை உடைக்கிற கருவி இன்னும் வரலை.


காசிமேடு_போட்டு
திங்கள், காலை 6:20

அப்ப வயிறு நிறைஞ்சே பட்டினியா சாவுது. சோறு இருக்குது, அடுப்பு இல்ல.


கொளத்தூர்_மாடி
திங்கள், காலை 7:45

அக்கா, புரியுது. ஆனா ஒரு சந்தேகம். அப்ப கோல்டு ஃபிஷ் குஞ்சு மட்டும் எப்படி அதே முட்டை, அதே பவுடர்ல வளருது? அதுக்கு மட்டும் பொறந்தப்பவே இரைப்பை வந்துடுதா?


பொன்னேரி_மாணவி
திங்கள், மதியம் 1:30

இல்லவே இல்லை. கோல்டு ஃபிஷுக்கு இரைப்பை பொறந்தப்பவும் இல்லை, கிழடானாலும் இல்லை. கெண்டை வம்சத்துல யாருக்குமே கிடையாது, கோய், கட்லா, ரோகு எல்லாம் அப்படித்தான். ஆயுசு முழுக்கத் தொண்டைப் பல்லு, நீளமான குடல், கணைய நொதி. ஒரேயடியா கொட்டாம நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா தீனி போடச் சொல்றதும் அதுக்குத்தான், சேர்த்து வைக்க அறை இல்லை.

அப்ப உங்க குஞ்சு எப்படித் தேறுச்சுன்னு கேட்டா, பதில் உங்க சிமெண்ட் தொட்டியிலதான் இருக்குன்னு நினைக்கிறேன். தண்ணி என்ன கலர்?


கொளத்தூர்_மாடி
திங்கள், மதியம் 1:52

பச்சை. வெயில் படுது, மாசக்கணக்கா மாத்தலை. சுவரெல்லாம் பாசி.


பைட்டர்_பெருசு
திங்கள், மதியம் 2:10

ஹா ஹா! மாட்டிக்கிட்டியா. அந்தப் பச்சைத் தண்ணியில ஒரு டம்ளர் எடுத்து வெளிச்சத்துல புடிச்சுப் பாரு. உன் கோல்டு ஃபிஷ் தின்னது உன் முட்டைய இல்ல தம்பி, முட்டைய தின்ன பூச்சிய.


பொன்னேரி_மாணவி
திங்கள், மதியம் 2:25

அதேதான் ஐயா. முட்டைக் கரு தண்ணியில கரைஞ்சு பாக்டீரியா பெருகும், அதைத் தின்னு ஒருசெல் உயிரியும் ரோட்டிஃபர்ங்கிற நுண்ணுயிரும் பெருகும், அதைக் குஞ்சு தின்னும். இவர் மூணு வருஷமா தெரியாமலே உயிர்த் தீனி வளர்த்திருக்கார். பைட்டருக்குப் பளிச்சுன்னு புதுத் தண்ணி விட்டதுதான் வினை. அதுல முட்டை அழுக மட்டும் செஞ்சிருக்கும்.

பெருசு ஐயா சொன்ன 'செரிக்கிற மருந்து' பத்தி: அது உங்க உஸ்தாது மட்டும் சொன்னதில்லை, ஆராய்ச்சி பண்றவங்களும் ரொம்ப காலம் அப்படித்தான் நம்புனாங்க. இரையோட உடம்புல இருக்கிற நொதி குஞ்சுக்கு உதவுதுன்னு. பிறகு அளந்து பார்த்தா, பல மீன்கள்ல அந்தப் பங்கு ரொம்பச் சின்னதா இருந்துச்சு. உயிர்த் தீனியோட பலம் வேற இடத்துல இருக்கு. முக்கால்வாசிக்கு மேல தண்ணி, எளிதில் கரையற புரதம், ஏற்கெனவே உடைஞ்ச அமினோ அமிலம். அதோட அது அசையுது. அசையாததைக் குஞ்சு பெரும்பாலும் இரைன்னே எடுத்துக்காது, பக்கத்துல மிதந்தாலும் திரும்பிப் பார்க்காது.

அதனாலதான் புரதத்தை முன்கூட்டியே உடைச்சு, பாஸ்போலிப்பிட்ங்கிற ஒரு வகைக் கொழுப்பு சேர்த்துத் தயாரிச்ச நுண்தீனியில சில கடல் மீன் குஞ்சுகளை ஆரம்பத்திலேயே வளர்க்க முடிஞ்சிருக்கு. இரையோட நொதி இல்லாம முடியாதுன்னா அது நடந்திருக்காதே.


பைட்டர்_பெருசு
திங்கள், மாலை 6:40

சரிம்மா, ஒத்துக்கிறேன். மருந்து இல்ல, பக்குவம். ஆனா கப்பி மீன்? கப்பிக் குட்டி பொறந்த அஞ்சாம் நிமிஷம் பவுடர் தின்னுது. ரெட்டேரியில ஜிலேபி மீன் குஞ்சு? அது எதைப் போட்டாலும் தின்னுது, துணி துவைக்கிற சோப்பைத் தவிர.


பொன்னேரி_மாணவி
திங்கள், இரவு 8:15

கப்பி அம்மா வயித்துலேயே எல்லா வேலையும் முடிச்சுட்டு வெளியே வருது. ஜிலேபிக்கு முட்டை பெருசு, கட்டுச்சோறு பத்து நாள் போல வரும். அம்மா வாயில இருந்தபடியே குடலைக் கட்டி முடிச்சுட்டுதான் வெளியே நீந்தும். கொடுவா முட்டை ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, பதினெட்டு மணி நேரத்துல பொரியும். சோறும் கம்மி, நேரமும் கம்மி. முட்டை சின்னதா இருந்தா குறைமாசப் பிள்ளைன்னு வச்சுக்குங்க. நம்ம நாட்டுல கொடுவாவை முதன்முதலா அடைச்சு வளர்த்து முட்டையிட வச்சுக் குஞ்சு எடுத்தது 1997ல, நம்ம சென்னையில இருக்கிற மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு நிறுவனத்துலதான். முட்டை எடுக்கிறது ஒரு பாடுன்னா, அந்த முதல் மூணு வாரம் தீனி கொடுத்துக் கரை சேர்க்கிறது தனிப் பாடு.


காசிமேடு_போட்டு
திங்கள், இரவு 9:30

எங்க அப்பா சொல்லுவாரு, ஒரு வருஷம் நெத்திலி கொட்டும், மறு வருஷம் வலை காயும்னு. கடல்ல முட்டைக்குப் பஞ்சமா இருக்கும்? இல்ல, இந்தக் குஞ்சு கதைதானா?


பொன்னேரி_மாணவி
திங்கள், இரவு 10:10

அண்ணா, நீங்க கேட்டது நூறு வருஷக் கேள்வி. 1914ல நார்வேயைச் சேர்ந்த யோஹான் ஹ்யோர்ட் இதையேதான் எழுதினார். மஞ்சள் கரு தீர்ந்து முதல் தீனி தேடுற அந்தச் சில நாள்ல கடல்ல சரியான மிதவை உயிரி இருந்தா அந்த வருஷக் குஞ்சு தப்பிக்கும், இல்லைன்னா சில வருஷம் கழிச்சு வலையில தெரியும்னு. பட்டினிதான் ஒரே காரணம்னு இன்னைக்கு யாரும் சொல்றதில்லை. வேற மீன் தின்னுது, நீரோட்டம் அடிச்சுட்டுப் போகுது, எல்லாம் சேருது. ஆனா முதல் தீனிங்கிற கண்டத்தை யாரும் மறுக்கலை.

1963ல ஹெர்ரிங்ங்கிற கடல் மீனோட குஞ்சை வச்சு இன்னொண்ணும் காட்டினாங்க. பட்டினியில ஒரு எல்லை இருக்கு, அதைத் தாண்டிட்டா குஞ்சு உயிரோடதான் இருக்கும், நீந்தும், ஆனா முன்னாடி தீனி போட்டாலும் பிடிக்கத் தெம்பு இருக்காது. அதுக்கப்புறம் சாவுற நாளை எண்ண வேண்டியதுதான். மாடி தம்பி, உங்க குஞ்சு 6ஆம் நாள் சாயங்காலம் 'நல்லா' இருந்துச்சுன்னு எழுதினீங்களே, அப்பவே அது அந்த எல்லையைத் தாண்டியிருக்கும்.


தண்டையார்பேட்டை_டீச்சர்
செவ்வாய், மாலை 5:20

பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன். இந்த உரையாடலைப் படித்துவிட்டுக் கைகள் சும்மா இருக்கவில்லை. மாடி தம்பியிடம் மிச்சமிருந்த நான்கில் ஒன்றையும், பெருசு ஐயாவிடமிருந்து அதே வயதுக் குஞ்சு ஒன்றையும் வாங்கி வந்து, குழிவு ஸ்லைடில் ஒரு சொட்டு நீர் விட்டு, மிகக் குறைந்த பெரிதாக்கலில் பார்த்தேன். இரண்டும் இப்போது உயிரோடு திரும்பத் தொட்டியில் இருக்கின்றன, பயப்பட வேண்டாம்.

ஐயா வீட்டுக் குஞ்சு: உடம்பு கண்ணாடி. இதயம் படபடவென அடிப்பது தெரிகிறது. அதன் பின்னால் வெளிர்பச்சையாக ஒரு குமிழ், பித்தப்பை. அதற்கும் பின்னால் குடல் முழுக்க ஆரஞ்சு, காலையில் தின்ற ஆர்ட்டீமியா. அந்த ஆரஞ்சு சும்மா இருக்கவில்லை. பாம்பு எலியை விழுங்குவதுபோல ஓர் அலை வந்து அழுத்துகிறது, விடுகிறது, மறுபடி அழுத்துகிறது. முன்பக்கத்தில் இரையின் கால்கள் அடையாளம் தெரிகின்றன, பின்பக்கம் போகப்போக வெறும் கூழ். பத்து நிமிடம் வைத்த கண் வாங்காமல் பார்த்தேன்.

மாடி தம்பியின் குஞ்சு: தலை பெரிது, வயிறு ஒட்டி, உடம்பு ஊசி. குடல் ஒரு நூல். நடுவில் மாவு உருண்டை போல ஏதோ ஒன்று அசையாமல் கிடந்தது. சுற்றியிருந்த குடல் சுவர் எப்போதாவது ஒரு முறை துடித்தது. அதற்கு மேல் பார்க்க மனம் வரவில்லை.


கொளத்தூர்_மாடி
செவ்வாய், இரவு 8:00

டீச்சர், படிச்சிட்டு ஒரு மாதிரி ஆயிடுச்சு. சரி, அடுத்த ஜோடி நுரை கட்டியாச்சு. என்ன பண்ணணும்னு யாராவது தெளிவா சொல்லுங்க.


பைட்டர்_பெருசு
செவ்வாய், இரவு 8:45

முட்டை விட்ட அன்னைக்கே வைக்கோலோ முட்டைகோஸ் இலையோ ஒரு வாளித் தண்ணியில போட்டுடு, உன் பச்சைத் தண்ணி ஒரு செம்பு அதுல ஊத்து. நாலஞ்சு நாள்ல கலங்கலா இருந்த தண்ணி தெளியும், வெளிச்சத்துல தூசி ஓடுற மாதிரி தெரியும். நாத்தம் போயிருக்கணும், நாறுனா ஊத்தாத. குஞ்சு படுத்து நீந்துன அன்னைல இருந்து அதை விடு. ரெண்டு மூணு நாள் கழிச்சு ஆர்ட்டீமியா. தொட்டியில ஒரு பாதாம் இலை போடு. தண்ணி உயரம் நாலு விரக்கடை போதும்.


பொன்னேரி_மாணவி
செவ்வாய், இரவு 9:20

ஆர்ட்டீமியா பத்தி நாலு வார்த்தை. லிட்டருக்கு 25 கிராம் கல்லுப்பு, 28 டிகிரி, விடாம காத்து, ஒரு நாள்ல பொரியும். பொரிஞ்ச உடனே எடுங்க. அதுக்கும் அம்மா கொடுத்த மஞ்சள் கருதான் சொத்து, அரைநாள் போனா அதையே எரிச்சுத் தீர்த்துடும், சத்தில்லாம போகும். காத்தை நிறுத்திட்டு ஒரு பக்கம் டார்ச் அடிங்க, உயிருள்ளது வெளிச்சத்துக்கு வரும், காலி ஓடு மேலே மிதக்கும். ஓட்டைத் தொட்டியில விட்டுடாதீங்க. குஞ்சுக்கு அது செரிக்காது, குடல்ல போய் அடைச்சுக்கும்.

ஒரு தடவை கொட்டறதைவிட மூணு நாலு தடவை கொஞ்சமா. குஞ்சுக்குப் போதும்னு சொல்லத் தெரியாது. கண்ணெதிரே இரை ஓடிக்கிட்டே இருந்தா தின்னுக்கிட்டே இருக்கும், முன்னாடி போனது செரிக்கிறதுக்குள்ள பின்னாடி தள்ளிடும். எங்க பண்ணையில கழிவுல அரைகுறையா செரிச்ச ஆர்ட்டீமியாவையே பார்த்திருக்கேன். காசு அப்படியே தண்ணியில போகுது.

நாள் கணக்கை மட்டும் நம்பாதீங்க. நான் சொன்ன 13, 17 எல்லாம் 28 டிகிரி பக்கத்துக் கணக்கு. மார்கழி ராத்திரியில மாடித் தொட்டி 24க்கு இறங்கினா குடலும் மெதுவாத்தான் வளரும். காலண்டரை விட்டுட்டு வயித்தைப் பாருங்க. பவுடருக்கு மாத்தறப்போ திடீர்னு நிறுத்தாம, ரெண்டையும் சேர்த்து ஒரு வாரம் கொடுத்துக் குறைங்க.

அப்புறம் மேல எண்ணெய்ப் படலம் வராம பார்த்துக்குங்க. முட்டைக் கருவுல இருந்து வர்ற கொழுப்பு அப்படியே மேல விரியும். காற்றுப்பை முன்குடல்ல இருந்து முளைச்சு வர்ற ஒரு கிளை. பல மீன் குஞ்சுகள் நீர்மட்டத்துக்கு வந்து ஒரு வாய் காத்து விழுங்கித்தான் அதை முதல் தடவை ஊதும். கொடுவாயில கொஞ்ச நாள்லயே அந்த வழி அடைஞ்சு போகும். படலம் தடுத்துட்டா அப்புறம் எழுந்திருக்கவே முடியாது, அடியில வயித்தைத் தேய்ச்சுக்கிட்டே போகும். பண்ணையில மேல்மட்டத்தை வழிச்சு எடுக்கவே தனியா ஒரு கருவி வச்சிருக்கோம். நீங்க ஒரு செய்தித்தாளை ஒத்தி எடுத்தாலே போதும்.


காசிமேடு_போட்டு
செவ்வாய், இரவு 10:40

2023 டிசம்பர் வெள்ளத்துல எண்ணூர் முகத்துவாரமே கருப்பா எண்ணெயா இருந்துச்சே. அந்தச் சமயத்துல உள்ள இருந்த மடவைக் குஞ்சு என்ன கதியாச்சோன்னு இப்பதான் யோசிக்கிறேன். அப்ப எங்களுக்குப் படகும் வலையும் போச்சேன்னுதான் இருந்துச்சு.


கொளத்தூர்_மாடி
ரெண்டு வாரம் கழிச்சு, வியாழன், காலை 6:50

மன்னிக்கணும், ரெண்டு வாரமா இந்தப் பக்கம் வரலை. ரெண்டாம் ஈடு பொரிஞ்சு இன்னைக்கு 11ஆம் நாள்.

முதல் மூணு நாள் வைக்கோல் தண்ணி. வீட்டுல நாத்தத்துக்குத் திட்டு வாங்கினேன், அது தனிக் கதை. நாலாம் நாள் காலையில ஆர்ட்டீமியா விட்டேன். அரை மணி கழிச்சு டார்ச் அடிச்சுப் பார்த்தா ஒவ்வொரு குஞ்சுக்கும் வயித்துல ஆரஞ்சுப் புள்ளி, கொசுவர்த்தி நுனி மாதிரி. எங்க அம்மாவை எழுப்பிக் கூட்டிட்டு வந்து காட்டினேன். 'இதுக்கா ராத்திரியெல்லாம் முழிச்ச'ன்னு கேட்டுட்டு, பத்து நிமிஷம் அங்கேயே உட்கார்ந்துட்டாங்க.

7ஆம் நாள் ரெண்டு செத்துச்சு. 8ஆம் நாள் ஒண்ணு. அதுக்கப்புறம் இல்லை. நாலஞ்சு மட்டும் வயித்தை அடியில தேய்ச்சுக்கிட்டுப் போகுது, படலத்தை ஒரு நாள் எடுக்க மறந்தேன், அதுதான்னு நினைக்கிறேன். நேத்து சாயங்காலம் எண்ணினேன், 62.


பைட்டர்_பெருசு
அதே வியாழன், காலை 7:05

எண்ணாதப்பா, கண்ணு படும். ஒரு மாசம் போகட்டும். அதுக்குள்ள வாயகன்ற பாட்டில் ஒரு முப்பது சேர்த்து வை, ஆண் எல்லாம் ஒண்ணை ஒண்ணு கிழிச்சுக்கும். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் என்கிட்ட கொஞ்சம் கிடக்குது, ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துட்டுப் போ. வர்றப்ப அந்தப் பச்சைத் தண்ணி ஒரு கேன் கொண்டா.